நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் படம் யாருக்குச் சொந்தம்? சின்ன சினிமா கம்பெனி தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளியில் ஒரே பெஞ்ச். இன்று ஒருவர் எழுதுகிறார், ஒருவர் கேமரா பிடிக்கிறார், ஒருவர் பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ நல்ல சம்பளத்தில் ஐடி வேலையில் இருக்கிறார். முப்பது வயதைத் தொடும் நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் அந்த வரி வந்து விழுகிறது: "நாமளே ஒரு கம்பெனி ஆரம்பிச்சு படம் எடுத்தா என்ன?"

அடுத்த ஒரு வாரம் கம்பெனிக்குப் பெயர், லோகோ, முதல் கதை பற்றியே பேச்சு ஓடும். பணத்தைப் பற்றிக் கேட்டால் "அதெல்லாம் பாத்துக்கலாம்டா" என்பதோடு முடிந்துவிடும். யார் எவ்வளவு போடுகிறார்கள், படம் கையைக் கடித்தால் யாருக்கு எவ்வளவு நஷ்டம், கதை யாருடைய சொத்து, ஒருவர் பாதியில் விலகினால் என்ன ஆகும் ஆகிய நான்கு கேள்விகளும் கேட்கப்படாமலே படப்பிடிப்பு தொடங்கிவிடும்.

கேட்காத கேள்விக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது என்பதுதான் இதில் சிக்கல். நீங்கள் எழுதி வைக்காவிட்டால் உங்களுக்காகச் சட்டம் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. அது நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த ஏற்பாடாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

நண்பர்கள் தொடங்கிய கம்பெனிகள்: நான்கு மாதிரிகள்

இந்தியாவில் நட்பில் பிறந்த படக் கம்பெனிகள் ஏராளம். அவை எல்லாம் ஒரே மாதிரி கட்டப்பட்டவை அல்ல.

முதல் மாதிரி, எக்ஸெல் என்டர்டெயின்மென்ட். சிறுவயது நண்பர்களான ஃபர்ஹான் அக்தரும் ரித்தேஷ் சித்வானியும் 1999-ல் மும்பையில் தொடங்கியது. முதல் படம் 2001-ல் வந்த 'தில் சாஹ்தா ஹை'. ஒருவர் எழுத்து, இயக்கம் பக்கம்; மற்றவர் தயாரிப்பு பக்கம். ஒருவர் வேலையில் மற்றவர் குறுக்கிடத் தேவை இல்லாத பிரிவினை இது.

இரண்டாவது, ஜூ என்டர்டெயின்மென்ட். நடிகர் விவேக் கோம்பர், தன் நண்பரும் இயக்குநருமான சைதன்ய தம்ஹானேயின் 'கோர்ட்' படத்தைத் தயாரித்தார். அதில் வழக்கறிஞராக நடித்ததும் அவரே. 2014-ல் வெனிஸ் விழாவில் இரண்டு விருதுகள், அடுத்து சிறந்த படத்துக்கான தேசிய விருது. இங்கே பணம் ஒருவருடையது, படைப்பு இன்னொருவருடையது.

மூன்றாவது, கேரளாவில். நஸ்ரியாவும் ஃபஹத் ஃபாசிலும் நடத்தும் கம்பெனிக்குப் பெயரே 'ஃபஹத் ஃபாசில் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்'. இயக்குநர் திலீஷ் போத்தன், எழுத்தாளர் ஸ்யாம் புஷ்கரன் இருவருக்கும் 'வொர்க்கிங் கிளாஸ் ஹீரோ' என்று தனிக் கம்பெனி. இரண்டும் சேர்ந்து 2019-ல் 'கும்பளங்கி நைட்ஸ்' படத்தைத் தந்தன. நண்பர்கள்தான், ஆனால் கம்பெனிகள் தனித்தனி. படத்துக்குப் படம் கைகோத்துக்கொள்ளலாம். ஒரு படத்தில் சேராமல் இருந்தாலும் யாருடைய கம்பெனியும் உடையாது.

நான்காவது, ஃபேண்டம் ஃபிலிம்ஸ். அனுராக் காஷ்யப், விக்ரமாதித்ய மோட்வானே, மது மந்தேனா, விகாஸ் பஹல் நால்வரும் 2011-ல் தொடங்கியது. 'லூட்டேரா', 'குயின்' எல்லாம் இங்கிருந்து வந்தவை. 2015-ல் ரிலையன்ஸ் என்டர்டெயின்மென்ட் இதில் 50% பங்கு வாங்கியது. நிறுவனர்களில் ஒருவர் மீது முன்னாள் ஊழியர் சொன்ன பாலியல் துன்புறுத்தல் புகார் வெளியே வந்த நேரத்தில், 2018 அக்டோபரில் கூட்டணி கலைந்தது. அந்தப் புகாரை அவர் மறுத்தார். 2021-ல் மற்ற மூவரின் பங்குகளையும் மது மந்தேனா வாங்கிக்கொண்டார். நால்வர் பிரிந்தபோதும், பிரிவு என்பது பங்குக்கு விலை போட்டுக் கைமாற்றும் காரியமாக முடிந்தது. பங்கு என்று ஒன்று எழுத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது.

முதலை எடுக்க எத்தனை டிக்கெட் விற்க வேண்டும்?

பங்கு பிரிக்கும் முன், பிரிக்க என்ன மிஞ்சும் என்று பார்க்கலாம். ஒரு மாதிரிக் கணக்கு இது. எண்கள் புரிதலுக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் படத்துக்கு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

தயாரிப்புச் செலவு ₹60 லட்சம். போஸ்டர், டிரெய்லர், விளம்பரம், தியேட்டர்களுக்கு டிஜிட்டல் முறையில் படத்தை அனுப்பும் கட்டணம் எல்லாம் சேர்த்து வெளியீட்டுச் செலவு ₹25 லட்சம். மொத்தம் ₹85 லட்சம்.

டிக்கெட் விலை வரியோடு ₹118 என்று வைப்போம். 2025 செப்டம்பர் 22 முதல் ₹100 வரையிலான டிக்கெட்டுக்கு 5%, அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. ஆக, ₹18 வரியாகப் போய் ₹100 நிற்கும். மாநிலத்துக்கு மாநிலம் மாறும் உள்ளாட்சி வரியைக் கணக்கில் சேர்க்கவில்லை. தியேட்டருக்குப் பாதி போனால் மீதி ₹50. அதில் விநியோகஸ்தர் கமிஷன் 15% என்றால் ₹7.50. தயாரிப்பாளர் கைக்கு வருவது ₹42.50.

₹85 லட்சத்தை ₹42.50-ஆல் வகுத்தால் 2 லட்சம் டிக்கெட். 300 இருக்கை உள்ள தியேட்டரில் 667 ஹவுஸ்ஃபுல் காட்சிகள். இவ்வளவும் போட்ட பணத்தை எடுக்க மட்டும்தான். லாபம் அதற்கு அப்புறம்.

இதனால்தான் சின்னப் படங்கள் தியேட்டரை மட்டும் நம்புவதில்லை. ஓடிடி, தொலைக்காட்சி, வெளிநாடு, டப்பிங், ரீமேக், பாடல் உரிமை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக விற்கப் பார்க்கிறார்கள். கன்னடத்தில் பவன் குமார் இயக்கிய 'லூசியா' நல்ல உதாரணம். 110 பேரிடம் 27 நாட்களில் சுமார் ₹51 லட்சம் திரட்டி எடுத்த படம். 2013-ல் வெளியாகி, 2015-ல் சித்தார்த் நடிக்க 'எனக்குள் ஒருவன்' என்ற பெயரில் தமிழிலும் வந்தது. ரீமேக் உரிமையை விற்கவோ தரவோ ஒருவரிடம் அந்த உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். சின்னக் கம்பெனிக்குக் கேமராவோ அலுவலகமோ சொத்து ஆகாது. உரிமைப் பத்திரங்கள்தான் சொத்து.

"சமமாப் பிரிச்சுக்கலாம்" என்றால் என்ன அர்த்தம்?

இப்போது அதே ₹60 லட்சப் படத்தை மூன்று நண்பர்கள் எடுப்பதாக வைத்துக்கொள்வோம்.

ஐடி வேலையில் இருப்பவர் ₹30 லட்சம் போடுகிறார். ஒளிப்பதிவாளர் ₹10 லட்சம், இயக்குநர் ₹5 லட்சம். ஆக ரொக்கம் ₹45 லட்சம். மீதி ₹15 லட்சம் வாங்காமல் தள்ளிவைத்த சம்பளம்: இயக்குநருக்கு ₹8 லட்சம், ஒளிப்பதிவாளருக்கு ₹7 லட்சம். வெளியீட்டுச் செலவு ₹25 லட்சத்தை விநியோகஸ்தர் முன்பணமாகப் போடுகிறார்.

எல்லா உரிமையும் விற்று, கமிஷன் போக ₹65 லட்சம் வருகிறது. முதலில் விநியோகஸ்தரின் ₹25 லட்சம் கழியும். மிஞ்சியது ₹40 லட்சம். படம் படுதோல்வி இல்லை, சின்ன நஷ்டம். இந்த ₹40 லட்சத்தை எப்படிப் பிரிப்பது?

வழி 1: வந்ததைச் சமமாகப் பிரிப்பது. ஆளுக்கு ₹13.33 லட்சம். ₹30 லட்சம் போட்டவருக்கு ₹16.67 லட்சம் நஷ்டம். ₹5 லட்சம் போட்ட இயக்குநருக்கு ₹8.33 லட்சம் கூடுதலாகக் கிடைக்கிறது.

வழி 2: ரொக்கத்தையும் தள்ளிவைத்த சம்பளத்தையும் ஒரே மாதிரி மதிப்பது. ₹60 லட்சத்துக்கு ₹40 லட்சம், அதாவது ரூபாய்க்கு 67 பைசா. ஐடி நண்பருக்கு ₹20 லட்சம், ஒளிப்பதிவாளருக்கு ₹11.33 லட்சம், இயக்குநருக்கு ₹8.67 லட்சம்.

வழி 3: ரொக்கம் மட்டும் முதல், நஷ்டம் சமம். ₹45 லட்சத்தில் ₹5 லட்சம் நஷ்டம், ஆளுக்கு ₹1.67 லட்சம். ஐடி நண்பருக்கு ₹28.33 லட்சம், ஒளிப்பதிவாளருக்கு ₹8.33 லட்சம், இயக்குநருக்கு ₹3.33 லட்சம். ஒரு வருடம் சம்பளம் வாங்காமல் உழைத்ததற்கு எதுவும் இல்லை.

ஐடி நண்பர் கைக்கு வருவது ₹13.33 லட்சமாகவும் இருக்கலாம், ₹28.33 லட்சமாகவும் இருக்கலாம். வித்தியாசம் ₹15 லட்சம். மூன்று பேரும் "சமமாத்தானே பேசினோம்" என்று சத்தியம் செய்வார்கள். மூன்று பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும், ஏனென்றால் எதைச் சமமாக என்று யாரும் அன்று கேட்கவில்லை. 'தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு' என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

எழுதி வைக்காவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது?

அது நீங்கள் எந்த வகை நிறுவனம் என்பதைப் பொறுத்தது.

கூட்டாண்மை நிறுவனம்: சேர்ந்து தொழில் செய்து லாபத்தைப் பகிர ஒத்துக்கொண்டாலே, பத்திரம் இல்லாவிட்டாலும் அது கூட்டாண்மை ஆகிவிடலாம். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு மாதிரி எழுதாத வரை லாபமும் நஷ்டமும் சமம். உழைப்புக்குச் சம்பளம் கேட்க முடியாது. மேலே பார்த்த வழி 3 கிட்டத்தட்ட இதுதான். மூலதனத்துக்கு மேல் கடனாகக் கொடுத்த தொகைக்கு மட்டும் ஆண்டுக்கு 6% வட்டி உண்டு. பெரிய ஆபத்து வேறு: நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு. நண்பர் கையெழுத்துப் போட்டு வாங்கிய கடனுக்கு உங்கள் சேமிப்பையும் வீட்டையும் தொட முடியும். பதிவு செய்யாத கூட்டாண்மை என்றால், பணம் தராத வெளியாள் மீது ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போடவும் முடியாது.

எல்எல்பி: 2008-ஆம் ஆண்டுச் சட்டம். குறைந்தது இரண்டு பேர் போதும், குறைந்தபட்ச மூலதனம் கிடையாது. உங்கள் பொறுப்பு போட்ட பணத்தோடு நிற்கும். ஆண்டு வரவு ₹40 லட்சத்தையோ மூலதனம் ₹25 லட்சத்தையோ தாண்டாவிட்டால் தணிக்கை கட்டாயமில்லை. ஆனால் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் எழுதாத விஷயங்களுக்குச் சட்டத்தின் முதல் அட்டவணை பொருந்தும். அதன்படி மூலதனம், லாபம், நஷ்டம் மூன்றும் சம பங்கு. ₹30 லட்சம் போட்டவரும் ₹5 லட்சம் போட்டவரும் மூலதனத்திலேயே சமம் என்றால், நாம் பார்த்த வழி 1 வந்துவிடும். இணையத்தில் கிடைத்த மாதிரி ஒப்பந்தத்தில் பெயரை மட்டும் மாற்றித் தாக்கல் செய்பவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

பிரைவேட் லிமிடெட்: குறைந்தது இரண்டு பங்குதாரர், இரண்டு இயக்குநர். தணிக்கை கட்டாயம், செலவும் கூடுதல். பின்னால் முதலீட்டாளர் வரும் எண்ணம் இருந்தால் இதுதான் வசதி. இங்கே பங்கின் அளவுதான் அதிகாரம். பாதிக்கு மேல் வாக்கு இருந்தால் சாதாரணத் தீர்மானங்களை நிறைவேற்றலாம். கம்பெனியின் இயக்குநர் ஒருவரை நீக்குவதும் சாதாரணத் தீர்மானம்தான். 60% பங்கு வைத்திருக்கும் ஐடி நண்பர், கதை எழுதிய நண்பரை அவருடைய கம்பெனியிலிருந்தே வெளியேற்ற முடியும். கம்பெனி விதிகளை மாற்றுவது போன்றவற்றுக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். இரண்டே பேர் 50-50 என்றால் வேறு தலைவலி: ஒருவர் மறுத்தால் எதுவும் நகராது.

பொறுப்பு வரம்புக்குள் இருக்கிறது என்ற நிம்மதியும் ஓரளவுக்குத்தான். சினிமா ஃபைனான்ஸியர்கள் பெரும்பாலும் தனிப்பட்ட உத்தரவாதமும், கையெழுத்திட்ட காசோலையும் கேட்பார்கள். உத்தரவாதம் கொடுத்துவிட்டால் எல்எல்பி, லிமிடெட் எல்லாம் பெயருக்குத்தான். காசோலை திரும்பினால் வழக்கு அதில் கையெழுத்துப் போட்டவர் மீதும் வரும்.

கதை யாருக்குச் சொந்தம்?

'படம் கம்பெனியுடையது, அப்படியானால் கதையும் கம்பெனியுடையதுதானே' என்று பலர் நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. திரைப்படம் என்ற படைப்புக்கு ஆசிரியர் தயாரிப்பாளர். திரைக்கதைக்கு ஆசிரியர் அதை எழுதியவர். இசைக்கு இசையமைப்பாளர்.

சத்யஜித் ராயின் 'நாயக்' இதற்குச் சரியான உதாரணம். 1966-ல் வந்த படம், தயாரிப்பாளர் ஆர்.டி. பன்சால். அதன் திரைக்கதையை நாவலாக்கி ஹார்ப்பர்காலின்ஸ் வெளியிட்டபோது, உரிமை தங்களுடையது என்று தயாரிப்பாளர் குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். திரைக்கதையின் முதல் உரிமையாளர் ராய்தான், தயாரிப்பாளர் அல்ல என்று 2023 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படம் வந்து 57 ஆண்டுகள் கழித்து, படம் எடுத்த இருவருமே இல்லாத நேரத்தில், அடுத்த தலைமுறை நீதிமன்றத்தில் நின்றது.

உங்கள் கம்பெனிக்கு இதனால் என்ன? எழுதிய நண்பர், திரைக்கதை உரிமையைக் கம்பெனிக்கு எழுத்துப்பூர்வமாக மாற்றிக் கொடுக்க வேண்டும். வாய்மொழி செல்லாது. எழுதும்போது கவனிக்க வேண்டியவை:

எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுக்கு மட்டுமே மாற்றியதாகக் கருதப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வெளிநாட்டு உரிமையை விற்கப் போகும்போதுதான் இது தெரியவரும்.

மாற்றிக் கொடுத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதாத வரை அது காலாவதியாகிவிடும். இரண்டு வருடம் பணம் தேடி அலையும் சின்னக் கம்பெனிக்கு இது ரொம்ப முக்கியம்.

2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் சேர்ந்த எழுத்து, இசைப் படைப்புகள் தியேட்டருக்கு வெளியே பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை ஆசிரியர் விட்டுக்கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. எழுத்தாளர் நண்பருக்கு இது பாதுகாப்பு. பணம் போடும் நண்பர் தன் கணக்கில் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஓடிடி நிறுவனமோ தொலைக்காட்சியோ படத்தை வாங்கும்போது முதலில் கேட்பது இந்தக் காகிதங்களைத்தான். எழுத்தாளர், இயக்குநர், நடிகர்கள், இசையமைப்பாளர், எடிட்டர் என்று ஒவ்வொருவரிடமிருந்தும் கம்பெனிக்கு உரிமை வந்து சேர்ந்ததைக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் விற்பனை அங்கேயே நிற்கும். பேச்சுவார்த்தை இல்லாமல் போன பழைய நண்பரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதைவிட, தோளில் கை போட்டுக்கொண்டிருக்கும் நாளிலேயே வாங்கிவிடுவது சுலபம்.

வெளியிலிருந்து பணம் வாங்கலாமா?

"ஆளுக்கு ஐம்பதாயிரம் போடுங்க, படம் வந்ததும் ஒன்றரை மடங்கா தர்றோம்" என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போடத் தோன்றும். போடாதீர்கள். திரும்பத் தருவதாகச் சொல்லிப் பொதுவில் வாங்கும் பணம் 'டெபாசிட்' ஆகிவிடலாம். முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சிறைத் தண்டனையும் உண்டு.

பங்கு தருவதாகச் சொல்லி இணையத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டவும் அனுமதி இல்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி தெரிந்தவர்களுக்குத் தனிப்பட்ட முறையில் பங்கு கொடுக்கலாம். ஒரு நிதியாண்டில் அதிகபட்சம் 200 பேரிடம்தான் அப்படிக் கேட்க முடியும். அதற்கும் விதிமுறைகள் உண்டு. கம்பெனி இயக்குநர்களும் அவர்களின் உறவினர்களும் கடன் தரலாம், ஆனால் அது தாங்கள் வேறு இடத்தில் கடன் வாங்கிய பணம் அல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பர்சனல் லோன் போட்டு கம்பெனிக்குக் கொடுக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். டிக்கெட், பெயர் போடுவது, டிவிடி போன்ற பரிசுக்காகவோ நன்கொடையாகவோ திரட்டும் கூட்டு நிதி வேறு வகை. அதில் லாபப் பங்கு என்ற வாக்குறுதி இருக்கக் கூடாது.

அரசுப் பக்கமும் வாய்ப்புகள் உண்டு. கோவாவில் ஒவ்வொரு நவம்பரிலும் சர்வதேசத் திரைப்பட விழாவோடு என்எஃப்டிசி நடத்தும் ஃபிலிம் பஜார் (2025-லிருந்து வேவ்ஸ் ஃபிலிம் பஜார்) இணைத் தயாரிப்பாளர்களைத் தேடும் இடம். 'தி லஞ்ச்பாக்ஸ்' போன்ற படங்கள் இந்தச் சந்தையில் ஏறி வந்தவை. திரைக்கதைப் பட்டறையும், பாதி முடிந்த படங்களுக்கு ஆலோசனை தரும் பிரிவும் என்எஃப்டிசியிடம் உண்டு. கேரளாவில் பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகமே படத் தயாரிப்புக்கு நிதி தருகிறது.

நீங்கள் அந்த 'சம்பளக்கார நண்பர்' என்றால்...

முதலில் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வேறு தொழிலில் கூட்டாளியாகவோ இயக்குநராகவோ இருக்க முன் அனுமதி வேண்டும் என்ற பிரிவு பல நிறுவனங்களில் உண்டு. அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதிகள் இன்னும் கடுமையானவை.

அடுத்து, கொடுக்கும் பணம் மூலதனமா கடனா என்று முடிவு செய்யுங்கள். கடன் என்றால் லாபம் பிரிக்கும் முன்பே திரும்பக் கேட்கலாம். மூலதனம் என்றால் கடைசி வரிசை. ₹30 லட்சத்தில் ₹20 லட்சத்தைக் கடனாகவும் ₹10 லட்சத்தை மூலதனமாகவும் பிரிக்கலாம். எப்படி என்றாலும் வங்கி வழியாக அனுப்புங்கள். அவசரத்துக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் உங்கள் கிரெடிட் கார்டைத் தேய்த்தால், அன்று இரவே கம்பெனிக் கணக்கில் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் அது நஷ்டக் கணக்கில்கூட வராது.

மூன்றாவது, ஓர் எல்லைக் கோடு. 'இந்தத் தொகைக்கு மேல் என்னால் முடியாது' என்ற எண்ணைப் படப்பிடிப்புக்கு முன்பே சொல்லி, எழுதி வையுங்கள். இன்னும் இரண்டு லட்சம் இருந்தால் முடித்துவிடலாம் என்ற பேச்சு எல்லாப் படத்திலும் வரும், பல தடவை வரும். "முடியாது" என்று அன்றைக்குச் சொன்னால் நட்பு முறியும். முன்பே எழுதியிருந்தால் காகிதத்தைக் காட்டிப் பேசலாம்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்?

நாலைந்து பக்கம் போதும். வக்கீலிடம் போகும் முன் உங்களுக்குள் பேசி முடிக்க வேண்டியவை இவை.

1. வரும் பணத்தின் வரிசை: வெளியீட்டுச் செலவு, கடன், ரொக்க முதல், தள்ளிவைத்த சம்பளம், லாபம். எது முதலில், எது கடைசியில்? மேலே போட்ட ₹40 லட்சக் கணக்கை உங்கள் எண்களோடு போட்டு, விடையையும் ஒப்பந்தத்தில் ஓர் உதாரணமாகச் சேர்த்துவிடுங்கள்.

2. உழைப்பின் மதிப்பு: சம்பளம் வாங்காமல் வேலை செய்பவரின் சம்பளம் எவ்வளவு என்று ஒரு தொகை எழுதுங்கள்.

3. பங்கைச் சம்பாதிப்பது: ஸ்டார்ட்அப்களில் செய்வதுபோல, பங்கு மொத்தமாக முதல் நாளே கிடைக்காமல் வேலை நடக்க நடக்கச் சேரட்டும். திரைக்கதை முடிந்தால் இவ்வளவு, படப்பிடிப்பு முடிந்தால் இவ்வளவு. ஆறு மாதத்தில் விலகியவர் மூன்றில் ஒரு பங்கோடு போவதை இது தடுக்கும்.

4. கடைசி வார்த்தை யாருடையது: படத்தொகுப்பில் இயக்குநரா, பட்ஜெட்டில் தயாரிப்பாளரா? இரண்டையும் பிரித்து எழுதுங்கள். முடிவு எட்டாவிட்டால் இருவருக்கும் பொதுவான மூன்றாவது நபர் ஒருவரை முன்பே தீர்மானியுங்கள்.

5. விலகல்: ஒருவர் விலகினால் அவர் பங்கை யார் வாங்குவது, என்ன கணக்கில் விலை, எத்தனை தவணை? ஒருவர் இறந்துபோனால் குடும்பத்துக்கு என்ன? இதைப் பேசச் சங்கடமாகத்தான் இருக்கும். வேறு மாதிரி எழுதாவிட்டால், கூட்டாண்மையில் ஒருவர் இறந்தாலே நிறுவனம் கலைந்துவிடும்.

6. படத்துக்குப் படம் தனிக் கணக்கு: ஒரு படத்தின் நஷ்டம் அடுத்த படத்தின் வரவை விழுங்காமல் இருக்க, சிலர் ஒவ்வொரு படத்துக்கும் தனி எல்எல்பி தொடங்குகிறார்கள். அந்த அளவு போகாவிட்டாலும் தனி வங்கிக் கணக்கு வேண்டும்.

7. பெயர்: டைட்டில் கார்டில் யார் பெயர், எந்த வரிசையில், எந்தப் பொறுப்பில்? பணத்தைவிட இதில் உடைந்த நட்புகள் அதிகம் என்று சினிமாவில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

8. பணியிடப் பாதுகாப்பு: 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். மிகச் சிறிய படப்பிடிப்பும் 10 பேரைத் தாண்டும். படத் தயாரிப்புக் குழுக்களுக்கும் இது பொருந்தும் என்று 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. புகார் நண்பர் மீதே வந்தால் யார் விசாரிப்பது? அதையும் எழுதுங்கள், குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

படம் முடிந்த பிறகு?

தியேட்டரில் வெளியிட தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம். 2023 திருத்தத்துக்குப் பிறகு 'யு/ஏ' பிரிவு 7+, 13+, 16+ என்று மூன்றாகியிருக்கிறது. சான்றிதழ் 10 ஆண்டில் காலாவதியாகும் என்ற பழைய நிலையும் மாறி, இப்போது நிரந்தரமாகச் செல்லும். நேரடியாக ஓடிடியில் வரும் படங்களுக்கு இந்தச் சான்றிதழ் தேவை இல்லை. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்தத் தளமே வயது வகைப்பாட்டைச் செய்துகொள்கிறது.

சேவை வருமானம் ஆண்டுக்கு ₹20 லட்சத்தைத் தாண்டினால் (சில சிறப்பு மாநிலங்களில் ₹10 லட்சம்) ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கூட்டாண்மை, எல்எல்பி இரண்டிலும் கூட்டாளிக்குத் தரும் சம்பளம், வட்டி போன்றவை ஆண்டுக்கு ₹20,000-ஐத் தாண்டினால் 10% டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் வந்தது. எல்எல்பி என்றால் மே 30, அக்டோபர் 30 ஆகிய இரண்டு தாக்கல் தேதிகளை மறக்காதீர்கள். படம் எதுவும் எடுக்காத வருடத்திலும் தாக்கல் செய்ய வேண்டும்.

இந்தியாவில் திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. முப்பது வயதில் நண்பர்கள் எடுக்கும் படம் அவர்களின் தொண்ணூறாவது வயதிலும் யாருக்கோ சொந்தமாக இருக்கும். அந்த 'யாரோ' யார் என்பதைப் பூஜைக்கு முந்தைய நாளே பேசி எழுதிவிட முடியும். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆகும், அவ்வளவுதான். அந்த ஒரு நாள் பேச்சையே தாங்காத கூட்டணி என்றால், அதுவும் ₹60 லட்சம் போடுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.